பொலி சொல்லாத காலை

புதுசா வந்து சேந்திருக்கிற பிள்ளைகளுக்கு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்கன்னு ஆபீஸ்ல கேட்டாங்க. என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாதுன்னு வரிசையாப் போட்டுக் குடுத்தாப் போதுமாம். அதெல்லாம் உங்க ஃபைல்ல ஏற்கனவே இருக்கு. அட்டைக் கடிக்கு என்ன பண்றது, வெளிநாட்டுலருந்து வந்தவங்களுக்கு வயித்தால போனா யாருக்குப் போன் அடிக்கிறது, எல்லாம் அச்சடிச்சே வெச்சிருக்காங்க. நான் ஒரே ஒரு காலையப் பத்தித்தான் எழுதப் போறேன். ரெண்டு பக்கத்துக்கு மேல போனாப் பொறுத்துக்குங்க. வேலைய விட்டு நின்ன மனுசிக்கு நேரம் நிறையக் கிடக்கு.

இப்ப நான் இருக்கிறது லிந்துலையில. காலம்பற தேத்தண்ணியோட ஜன்னல் கிட்ட உக்காந்தா எதிர்ல மலை இருக்கணும். பனி இறங்கியிருந்தா மலை இருக்காது. கொஞ்சம் பொறுத்தா ஒரு சவுக்கு மரத்து உச்சி மட்டும் வரும். அப்புறம் லயத்துக் கூரை ஒண்ணு வரும். அப்புறம் றோட்டுல ஒரு வளைவு, அதுல போற பஸ்ஸோட சத்தம், பஸ் தெரியாது. பாதித் தூக்கத்துல பாத்துக்கிட்டே இருப்பேன். அந்த நேரத்துலதான் நான் சொல்லப் போற காலை திரும்பத் திரும்ப வருது. அன்னைக்கும் இதே பனிதான்.

நான் பாத்த வேலை உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டுலருந்து தொண்டு செய்ய வர்றவங்களுக்கும் தேயிலைத் தோட்டத்து ஆளுங்களுக்கும் நடுவுல நின்னு பேசுற வேலை. வர்றவங்க ஒரு மாசம், ரெண்டு மாசம் இருப்பாங்க. காலம்பற, அம்மாமார் மலைக்குப் போறப்போ பிள்ளைகள விட்டுட்டுப் போற பிள்ளைக் காம்பராவுல சின்னதுங்களோட விளையாடுவாங்க, இல்ல தோட்டத்து ஸ்கூல்ல பாடம் எடுப்பாங்க. மத்தியானத்துக்கு மேல புலிக் கணக்கு எடுக்கப் போவாங்க. சிறுத்தைய நம்ம ஆளுங்க புலின்னுதான் சொல்லுவாங்க, நானும் அப்படியே எழுதுறேன். ஓடையோரத்துல மரத்துல கேமராவக் கட்டி வெச்சிட்டு வந்தா, முன்னால எது அசைஞ்சாலும் அது தானா வீடியோப் படம் பிடிச்சுக்கும். அந்தப் படத்தையெல்லாம் எடுத்துட்டு வந்து உக்காந்து பாக்கிறதுதான் அவங்களுக்குப் பெரிய சந்தோசம்.

நான் லயத்துல, தோட்டத்து ஆளுங்களோட வரிசை வீட்டுல பொறந்தவ. அம்மா கொழுந்து பறிச்சவங்க. கொட்டகலையில படிச்சு இங்கிலீஷ் கத்துக்கிட்டு, கூடை தூக்காம தப்பிச்ச முதல் ஆள் எங்க லயத்துல நான்தான். அதுல எனக்கு ஒரு தலைக்கனம் இருந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். எல்லாரும் என்னை மிஸ்ஸுன்னு கூப்பிட்டாங்க. என் வயசுப் பொம்பளைங்க கூட, என்னோட ஒண்ணா ஓடைல குளிச்சவங்க கூட, மிஸ்ஸுன்னாங்க. கேக்கச் சுகமாத்தான் இருந்துச்சு.

என்கிட்ட ஒரு கெட்ட பழக்கம். பேச்ச நடுவுல வெச்சு வழுவழுப்பாக்கி அனுப்புவேன். ஒரு தடவை ஒரு வெளிநாட்டுப் பொண்ணு, லயத்துப் பொம்பளைங்க கிட்ட, இந்த வாழ்க்கை உங்களுக்குக் கசக்கலையான்னு கேக்கச் சொல்லுச்சு. முகத்துக்கு நேரா அதை எப்படிக் கேக்கிறது? நான், சாப்பிட்டீங்களான்னு கேட்டேன். சாப்பிட்டோம் மிஸ்ஸுன்னாங்க. அந்தப் பொண்ணுகிட்ட, ஏதோ சமாளிச்சுக்கிட்டு இருக்காங்களாம்னு சொல்லிட்டேன். அது கண்ணு கலங்கி நோட்டுல எழுதிக்கிச்சு. எல்லாருக்கும் திருப்தி. இதுல நான் கெட்டிக்காரின்னு வேற நெனச்சுக்கிட்டேன்.

இனி அந்தக் காலைக்கு வர்றேன்.

அப்ப நான் போய்வந்துக்கிட்டு இருந்த தோட்டத்துல, கொழுந்து பறிக்கிற கூட்டத்துல பூங்காவனம்னு ஒருத்தங்க. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். கட்டையான உருவம், வெத்தல வாயி, கேலின்னா கேலி அப்படியொரு கேலி. என் குடையப் பாத்து, மிஸ்ஸு மழைக்குப் பிடிக்கிறாங்களா நமக்குப் பிடிக்கிறாங்களான்னு கேப்பாங்க. அந்தக் கூட்டத்துல பொலி சொல்றது அவங்கதான்.

கொழும்புலருந்து வந்த பிள்ளைகளுக்காகப் பொலின்னா என்னன்னு சொல்லிடுறேன். தேயிலைய துண்டு துண்டாப் பிரிச்சு நம்பர் போட்டிருப்பாங்க, ஒவ்வொரு துண்டும் ஒரு மலை. விடிஞ்சதும் எல்லாரும் கூடுற பெரட்டுக் களத்துல பேரு குடுத்துட்டு, இன்னைக்கு எந்த மலைன்னு கேட்டுக்கிட்டு ஏறுவாங்க. மலை வாசல்ல நின்னு, முதல் கொழுந்த கூடைல போடுறதுக்கு முன்னால, ஒருத்தர் பொலின்னு குரல் குடுப்பாங்க. மத்தவங்க எல்லாரும் பொலியோ பொலின்னு எடுப்பாங்க. கொழுந்து பொலியட்டும், கை பொலியட்டும், பெருகட்டும்னு அர்த்தம். அது முடிஞ்சுதான் நெரையில, அதாவது செடி வரிசைக்குள்ள, இறங்குவாங்க. இப்ப நிறைய இடத்துல கங்காணி முணுமுணுத்துட்டு விட்டுடுறாரு. இந்தக் கூட்டத்துல கங்காணிக்குத் தொண்டை போச்சு, அதனால பூங்காவனம். அவங்க குரல் குடுத்தா ஓடைக்கு அந்தப் பக்கம் போய் அடிச்சுத் திரும்பி வரும். பனிக்குள்ளருந்து அது திரும்பி வர்றப்போ வேற யாரோ பதில் சொல்ற மாதிரி இருக்கும்.

அந்த வருசம் வந்தவங்கள்ல யோப்னு ஒருத்தர், ஹாலந்துக்காரர். வயசு அறுபதுக்கு மேல. அவங்க ஊர்ல தபால்காரரா இருந்து ஓய்வு பெத்தவர். வாழ்க்கை பூரா நடந்த கால், அதனால நம்ம ஏத்தமெல்லாம் அவருக்கு லேசு. பேச்சு குறைவு. பிள்ளைக் காம்பராவுல அவர் சும்மா உக்காந்திருந்தாலே பிள்ளைங்க மடியில ஏறித் தூங்கிடும். பொம்பளைங்க அவரை யோப்பு ஐயான்னு கூப்பிடுவாங்க. பூங்காவனம் மட்டும், எனக்கு ஏதாச்சும் காயிதம் வந்திருக்கான்னு கேளுங்க மிஸ்ஸுன்னு தினமும் கேப்பாங்க. அவரும் தினமும் பைக்குள்ள கையவிட்டுத் தேடிப் பாத்துட்டு, இன்னைக்கு இல்லைன்னு தலைய ஆட்டுவாரு.

ஒரு நாள் ஏழாம் நம்பர் மலைக்குக் கீழ ஓடைல கட்டியிருந்த கேமராவுல ஒரு தாய்ப்புலியும் ரெண்டு குட்டியும் விழுந்துச்சு. குட்டிங்க பூனை சைஸ்தான் இருக்கும். அன்னைக்கு எங்க ஆபீஸ்ல யாரும் சரியாச் சாப்பிடல, அவ்வளவு சந்தோசம். அதுக்குப் பக்கத்து மலைகள்ல நாளெல்லாம் ஆளுங்க பறிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க, ஒண்ணும் ஆகல. ஆனா இப்ப ஏழாம் நம்பருக்கே முறை வருது. யோப் ராத்திரியெல்லாம் யோசிச்சிருக்காரு போல. காலம்பற பெரட்டுல என்கிட்ட வந்து, தாய் பயந்துட்டா குட்டிய விட்டுட்டுப் போயிடும், அந்தப் பக்கம் பறிக்கிறப்போ கொஞ்சம் சத்தம் இல்லாமப் பறிக்க முடியுமான்னு பொம்பளைங்க கிட்டயே கேக்கலாமான்னாரு. கேக்கலாமான்னுதான் சொன்னாரு. இதைக் கவனிச்சுக்குங்க.

நான் கேக்கல, சொன்னேன். கீழ குட்டி இருக்கு, இன்னைக்கு யாரும் சத்தம் போடக் கூடாதுன்னு சொன்னேன். பொம்பளைங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. பேசாமக் கொழுந்து பறிக்கிறது அவங்களுக்குப் பழக்கமில்ல. ஆனா குட்டின்னதும் முகம் இளகிப் போச்சு, எல்லாரும் பிள்ள பெத்தவங்கதானே. சரி மிஸ்ஸுன்னாங்க.

பூங்காவனம் மட்டும் ஒரு எட்டு முன்னால வந்தாங்க. சிரிப்பு இல்ல.

"பொலியும் வேணாமா மிஸ்?"

அந்தக் கேள்விக்குள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். நான் கொழுந்துக்காரி மக. பொலி சொல்லாம மலைல இறங்கக் கூடாதுன்னு எங்கம்மா சொன்னது எனக்கு நல்லாவே தெரியும். ஏன்னு அவங்க சொன்னதில்ல, நானும் கேட்டதில்ல. அந்த நேரத்துல எனக்குத் தோணுனது ஒண்ணே ஒண்ணுதான். இதைப் போய் இங்கிலீஷ்ல இந்த மனுசன் கிட்ட எப்படிச் சொல்றது? கொழுந்தைப் பாத்துக் கூவுவாங்கன்னா? வெட்கமா இருந்துச்சு. நாங்க படிச்சு மேல வந்துட்டோம்னு காட்டணும்னு இருந்துச்சு.

"பொலியும் வேணாம்"ன்னேன்.

யோப் பக்கத்துலதான் நின்னாரு. அவங்க என்ன கேட்டாங்கன்னாரு. ஒண்ணுமில்ல, சரின்னாங்கன்னு சொன்னேன்.

பிள்ளைகளா, அந்தக் காலை எவ்வளவு அழகா இருந்துச்சுன்னு சொன்னா என்னை அடிக்க வருவீங்க. ஆனா இருந்துச்சு. முப்பது பொம்பளைங்க பேச்சு மூச்சில்லாம பனிக்குள்ள ஏறுறாங்க. தலைக்கயித்துல கூடை, இடுப்புல சுத்திக் கட்டுன படங்குச் சாக்கு, அது செடில உரசுற சத்தம் மட்டும். ஒருத்தங்க பின்னால ஒருத்தங்களா நெரையில இறங்குனாங்க. இறங்குனதும் இடுப்புக்குக் கீழ காணாமப் போயிட்டாங்க, பனில மிதக்கிற மாதிரி தலையும் கூடையும் மட்டும் நகருது. கிள்ளுற சத்தம் கேட்டுச்சு. அதுவரைக்கும் எனக்குக் கிள்ளுற சத்தம்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது. நான் மேல றோட்டுல நின்னுக்கிட்டு, இது கனவுதானேன்னு நெனச்சேன். யோப் தொப்பியக் கழட்டிக் கையில வெச்சிருந்தாரு. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்து லேசாச் சிரிச்சோம். எனக்கு மனசு நெறைஞ்சு போச்சு. அந்தச் சந்தோசத்துக்கு நான் இன்னமும் வெட்கப்படுறேன்.

முதல்ல ஒரு கூடை உருண்டு வந்துச்சு. கொழுந்து சிந்திக்கிட்டே செடிக்கு மேல உருண்டு, தண்ணி ஓடுற கான்ல விழுந்துச்சு. அப்புறம் மஞ்சளா ஒண்ணு ஓடைப்பக்கம் பாஞ்சுச்சு, பாத்தேனா இல்லையான்னு கூடச் சொல்ல முடியாது, அவ்வளவு வெரசா. அதுக்கப்புறம்தான் பூங்காவனம் எந்திரிச்சு நின்னாங்க. வலது கையை இடது கையால பிடிச்சிருந்தாங்க. மணிக்கட்டுலருந்து விரல் வரைக்கும் ரத்தம்.

கத்தல பிள்ளைகளா. அப்பக்கூட அவங்க கத்தல. வாயத் தொறந்து என்னைத்தான் பாத்தாங்க. சத்தம் போடக் கூடாதுன்னு நான் சொல்லியிருந்தேன் இல்ல.

நான் கத்துனேன். விழுந்து புரண்டு கீழ ஓடுனேன். படங்கக் கிழிச்சுக் கையச் சுத்திக் கட்டுனோம். நெரை முடிவுல, செடிக்கடியில புலி படுத்திருந்திருக்கு. இவங்க கை நீட்டுன இடத்துலதான் அதோட தலை. அதுவும் பயந்துதான் அடிச்சிருக்கு, ஒரே அடி, அடிச்சிட்டு ஓடிருச்சு. கங்காணி கொழுந்து லொறிய மறிச்சு ஏத்திவிட்டாரு. ரெண்டு பொம்பளைங்க கூடப் போனாங்க. நானும் ஏறப் போறேன், அதுவரைக்கும் பிடிச்சிருந்த என் கையைப் பூங்காவனம் விட்டாங்க. கோவத்துல இல்ல, மயக்கத்துல. ஆனா விட்டது விட்டதுதான்.

ஒண்ணு தெளிவாச் சொல்லிடுறேன். கொழுந்து பறிக்கிறவங்களுக்கு வலது கையோட பெருவிரலும் பக்கத்து விரலும்தான் எல்லாம். அது ரெண்டும் சேந்து கிள்ளணும். சேரலைன்னா அவங்களுக்கு மலைல இடமில்ல. அந்த ரெண்டு விரலும் இனிமே சேருமா சேராதான்னு தெரியாமத்தான் லொறி போச்சு.

கீழ பெரட்டுக்கு வந்தா, கவ்வாத்து மலைலருந்து ஆம்பளைங்க வந்துட்டாங்க. முன்னால மாணிக்கம், பூங்காவனத்து வீட்டுக்காரர். செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி கையில. ஓடைக்கு இறங்கி தாயையும் குட்டியையும் முடிச்சிட்டு வர்றோம்னு நிக்கிறாங்க. அந்த நேரம் பாத்து எனக்குப் போன். எங்க மேலதிகாரி. நீங்க எதையும் ஒத்துக்காதீங்க, காட்டு மிருகம், இது விபத்து, அவ்வளவுதான் சொல்லணும்னாரு. அவர் சொன்னதும் ஒரு வகையில பொய் இல்ல. அந்த வார்த்தைய வெச்சு நான் தப்பிச்சிருக்கலாம். வழுவழுப்பா ஒரு நாலு வார்த்தை பேச எனக்குத் தெரியாதா?

போனை வெச்சிட்டு மாணிக்கம் முன்னால போய் நின்னேன். பூங்காவனம் பொலி சொல்லட்டுமான்னு கேட்டாங்க, நான்தான் வேணாம்னு தடுத்தேன்னு சொன்னேன். யோப்பு ஐயாவுக்குத் தெரியாது, ஆபீஸுக்குத் தெரியாது, எல்லாம் நான்தான்னேன்.

அவர் கத்தியத் தாழ்த்திட்டு என்னைப் பாத்தாரு. பனி கத்தி மேல படிஞ்சு சொட்டிக்கிட்டு இருந்துச்சு.

"அப்ப நான் யாரைப் போய் வெட்டுறது மிஸ்?"

அவர் அப்படியே பெரட்டுப் படியில உக்காந்துட்டாரு. கத்தியப் பக்கத்துல வெச்சிட்டு ரெண்டு கையாலயும் முகத்த மூடிக்கிட்டாரு. மத்தவங்களும் ஒவ்வொருத்தரா அவர் பக்கத்துல உக்காந்தாங்க. அன்னைக்குக் கத்தியோட யாரும் ஓடைக்கு இறங்கல. நான் சாமர்த்தியமாப் பேசித் தடுத்தேன்னு அப்புறம் யாரோ அறிக்கைல எழுதுனாங்க. ஒரு சாமர்த்தியமும் இல்ல. அந்த மனுசனுக்கு மனசு விட்டுப் போச்சு, அவ்வளவுதான்.

சாயங்காலம் யோப் என்கிட்ட வந்து, காலம்பற அவங்க என்ன கேட்டாங்கன்னு மறுபடி கேட்டாரு. இந்தத் தடவை சொன்னேன். பொலின்னா என்ன, எங்கம்மா என்ன சொல்லுவாங்க, நான் ஏன் அவர் கிட்ட சொல்லல, எல்லாத்தையும் இங்கிலீஷ்ல சொன்னேன். பாருங்க, சொல்ல முடிஞ்சுச்சு. அஞ்சு நிமிசம் கூட ஆகல. அவர் திட்டல. திட்டியிருந்தா எனக்கு ஆறுதலா இருந்திருக்கும். எந்திரிச்சுப் போய்க் கம்ப்யூட்டரப் போட்டாரு.

எங்க ஆளுங்க எல்லாருமே கேமராப் படத்த சத்தத்த நிப்பாட்டி வெச்சுத்தான் பாப்பாங்க. காத்து இரைச்சல் காதுல விழுதுன்னு. யோப் அன்னைக்குத்தான் முதல் தடவையா சத்தத்தத் தொறந்தாரு. முன்னால எடுத்த படங்கள ஒண்ணொண்ணாப் போட்டோம். ஒண்ணுல, ஓடையோரத்துப் பாறைல தாய் படுத்திருக்கு, குட்டிங்க அது வாலக் கடிச்சு விளையாடுது. சுத்தியும் பனி. தூரத்துலருந்து, கிணத்துக்குள்ளருந்து வர்ற மாதிரி, பூங்காவனத்து குரல். பொலி. தாயோட காது திரும்புது. அவசரம் இல்ல. எந்திரிச்சு சோம்பல் முறிக்குது. ஒரு குட்டியக் கவ்விக்கிட்டு, இன்னொண்ணு பின்னால வர, ஆளுயர மானாப் புல்லுக்குள்ள போயிடுது. அடுத்த நாள் படம். பக்கத்து மலைல பொலி. காது திரும்புது, எந்திரிக்குது, போகுது. அதுக்கு அடுத்த நாளும் அதேதான். நம்ம பொம்பளைங்க வேலைக்குப் போற மாதிரி அதுவும் நேரத்துக்குக் கிளம்பிக்கிட்டு இருந்திருக்கு.

கடைசியா அன்னைக்குக் காலைப் படம், மத்தியானம் யோப் தனியாப் போய் எடுத்துட்டு வந்தது. குட்டிங்க மட்டும் பாறைல. தாய் மேல தேயிலைக்குள்ள படுக்கப் போகுது, அது வால் மட்டும் செடிக்கு வெளிய தெரியுது. ஒரு சத்தமும் இல்ல. வால் ஒரு தடவை மெதுவா அசைஞ்சு நின்னுடுது. பனி நகருது. தூங்கிருச்சு. நான் எந்திரிச்சு வெளிய போய், ஆபீஸ் சுவத்துல தலைய முட்டிக்கிட்டு அழுதேன்.

பூங்காவனத்த பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்தியிருந்தாங்க. நாலஞ்சு நாள் கழிச்சுத்தான் எனக்குப் போக தைரியம் வந்துச்சு. கை பூரா கட்டு. விரல் நுனி மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. மன்னிச்சிருங்கன்னு சொல்லத்தான் போனேன். ஆனா போனை எடுத்து அந்தப் படங்களத்தான் காட்டுனேன். அவங்க குரல் கேட்டதும் கிட்ட இழுத்துப் பாத்தாங்க. காது திரும்புற இடத்தத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாங்க. அப்புறம் அந்தச் சத்தமில்லாத படத்தையும் காட்டுனேன். மறைக்கணும்னு எனக்குத் தோணல, இனிமே எதையும் மறைக்கிற தெம்பு என்கிட்ட இல்ல.

"பாவம், அதுவும் என் குரலுக்குத்தானே காத்துக்கிட்டு இருந்திருக்கு"ன்னாங்க.

அப்புறம் அந்த ரெண்டு விரலையும் சேத்துப் பாத்தாங்க. பெருவிரல் வந்துச்சு. மத்தது வரல. எனக்குக் காட்டணும்னு செய்யல, தானாவே செஞ்சு பாத்தாங்க. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

அறிக்கைல விபத்துன்னு எழுதியிருந்தத நான் திருத்தச் சொல்லிச் சண்டை போட்டேன். கடைசில என் கையெழுத்துல ஒரு தாள் சேத்தாங்க. அது உங்க ஃபைல்ல கடைசில இருக்கும், மஞ்சளாப் போயிருக்கும். யாரும் அதுவரைக்கும் புரட்டுறதில்லன்னு எனக்குத் தெரியும், அதனாலதான் இப்ப எழுதுறேன்.

உங்கள்ல சில பேர் என்னை விட நல்லா இங்கிலீஷ் பேசுறீங்க. சிங்களமும் பிச்சு உதறுறீங்க. நல்லது. ஆனா தூரத்துலருந்து நல்ல மனசோட வர்றவங்களும், இங்கயே பொறந்து வளந்தவங்களும் உங்க வாய் வழியாத்தான் ஒருத்தர ஒருத்தர் பாக்கிறாங்க. யாராவது ஒரு எட்டு முன்னால வந்து ஒரு கேள்வி கேட்டா, அது உங்களுக்கு அசட்டுத்தனமாத் தெரிஞ்சாலும், சொல்ல வெட்கமா இருந்தாலும், அந்தப் பக்கம் கொண்டு போய்க் குடுத்துடுங்க. அதை வெச்சிக்கிறதுக்கு உங்களுக்கு உரிமை இல்ல. என்னால யோப், அந்தக் கேள்வி என்னன்னே தெரியாம அதுக்கு வேணாம்னு பதில் சொன்னவராப் போயிட்டாரு. யோப் ஊருக்குப் போறப்போ என் கையப் பிடிச்சுக் குலுக்கிட்டுப் போனாரு. அப்புறம் அங்கருந்து பூங்காவனத்துக்குக் காயிதம் போட்டுக்கிட்டே இருந்தாரு, நிசமாவே தபால்ல. நான்தான் படிச்சுக் காட்டுவேன், ஒரு வரி விடாம.

கை குணமாக மாசக்கணக்காச்சு. தோட்டத்துல பிள்ளைக் காம்பராவுல உக்காந்து பாத்துக்கிற வேலை தர்றோம்னாங்க. பூங்காவனம் ஒத்துக்கல. மலைக்குத்தான் வருவேன்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. அவங்க இல்லாத நாள்ல கங்காணி தகர டப்பாவத் தட்டிக்கிட்டு இருந்தாரு. புலிக்கு அதுவும் பழகிருச்சு. குட்டிங்க நல்லா வளந்திருச்சு.

அவங்க திரும்பி வந்த அன்னைக்கு முறை ஏழாம் நம்பர். எனக்குத் தூக்கமில்ல, பெரட்டுக்கு முன்னாலயே போய் நின்னுட்டேன். பனின்னா பனி, முன்னால போறவங்க கூடை கூடத் தெரியல. மாணிக்கமும் வேலைய விட்டுட்டு வந்து ஓரமா நின்னாரு. புதுசா வந்த வெளிநாட்டுப் பிள்ளைங்க நாலு பேரும் இருந்தாங்க. இப்ப என்ன நடக்கப் போகுது, அது ஏன்னு முந்தின நாளே அவங்களுக்கு எல்லாத்தையும் சொல்லியிருந்தேன்.

மலை வாசல்ல பூங்காவனம் நின்னாங்க. கயித்தத் தலைல சரி பண்ணிக்கிட்டாங்க. எல்லாரும் அவங்க குரலுக்காகக் காத்திருந்தோம். அவங்க சொல்லல. திரும்பி என்னைப் பாத்தாங்க. குரலும் போயிடுச்சோன்னு பயந்துட்டேன்.

"நீங்க சொல்லுங்க மிஸ். நிப்பாட்டுனது நீங்கதானே."

கேலியா கோவமான்னு தெரியல. கண்ணு ரெண்டும் சும்மா என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. கொழுந்துக்காரி மகளாப் பொறந்து, அத்தனை வருசத்துல நான் அந்த வார்த்தைய ஒரு தடவை கூடச் சொன்னதில்ல. குடைய மடக்கிக் கீழ வெச்சேன். பொலின்னேன். குரல் நடுவுல உடைஞ்சு போச்சு. யாரும் சிரிக்கல. மறுபடி சொன்னேன், இந்தத் தடவை அடிவயித்துலருந்து. முப்பது பேரும் பொலியோ பொலின்னு எடுத்தாங்க. ஓடைக்கு அந்தப் பக்கம் போய் அது திரும்பி வந்துச்சு. கீழ மானாப் புல்லு லேசா அசைஞ்சு அடங்குச்சு.

பூங்காவனம் அது அடங்குற வரைக்கும் பாத்துக்கிட்டு நின்னாங்க. அப்புறம் நெரையில இறங்கி, இடது கையால முதல் கொழுந்தக் கிள்ளிக் கூடைக்குள்ள போட்டாங்க.